ஜன்னல் சாத்துகிற காட்சி

பேய்ப்படங்களின் முதல் சில நிமிடங்களை மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவர் இருந்தார். மிச்சப் படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. பேய் வந்த பிறகு பயமுறுத்துவது பேயின் பாடு, அதில் தனக்கு என்ன வேலை என்று கேட்பார். தொழிலில் எல்லோரும் அவரை ‘ஆரம்பம்’ என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடும்போதுதான் அது அவருக்கே ஞாபகம் வரும்.

பெயருக்கு ஏற்றபடியே வாழ்க்கையும் அமைந்தது. கல்யாணப் பேச்சு பலமுறை ஆரம்பமாகி, ஆரம்பத்தோடு நின்றது. மொட்டை மாடியில் தோட்டம் ஆரம்பித்தார், தொட்டிகள் இருக்கின்றன. புல்லாங்குழல் ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து கெஞ்சிக் கேட்டுக்கொண்டதில் அதுவும் நின்றது. ஆனால் பேய்ப்படத்தின் தொடக்கம் என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒரு படத்தில் வெறும் மாடிப்படியைக் காட்டினார். ஆள் இல்லை, பேய் இல்லை, ஒரு பூனைகூட இல்லை. கேமரா படியின் அடியில் நின்று மேலே பார்த்தது, அவ்வளவுதான். படம் வெளியான வாரம் ஊரில் மாடிவீட்டுக்காரர்கள் எல்லோரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்காரர்களிடம் வந்து படுத்தார்கள். தண்ணீர்த் தொட்டித் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்த குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டன. அதில் ஒரு கல்யாணமும் நடந்தது. இன்னொரு படத்தில் ஒரு லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளே யாரும் இல்லை, மூடிக்கொண்டது. அதன் பிறகு அலுவலகங்களில் எல்லோரும் படியேறியே இளைத்துப் போக, தையல்காரர்களுக்குப் பேன்ட் பிடித்துத் தரும் வேலை தலைக்கு மேல் வந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லாத விமர்சகர் ஒருவர், அந்தக் காட்சியில் தன் முடி குத்திட்டு நின்றதாக எழுதினார். யாரும் மறுக்கவில்லை.

இருட்டை அவர் மதிப்பதே இல்லை.

“இருட்டுல எவனும் பயப்படுவான். அதுக்கு நான் எதுக்கு?” என்பார்.

அவருக்கு வேண்டியது பிற்பகல் வெளிச்சம். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்து கிடக்கும் நேரம். கேமராவை ஆளின் கண் உயரத்தில் வைக்க மாட்டார், இடுப்பு உயரத்துக்கு இறக்குவார். கண் உயரத்தில் பார்த்தால் மனுஷன் பார்க்கிறான். இடுப்பு உயரத்தில் பார்ப்பது யார் என்று ரசிகன் தவிக்கட்டும். படத்தின் ஓரத்தில் ஒரு கதவின் விளிம்போ திரைச்சீலையின் நுனியோ கொஞ்சம் தெரிய விடுவார். ஒளிந்து நின்று பார்க்கிறவனுக்குத்தான் அந்த விளிம்பு தெரியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அப்புறம், ஆள் கடந்து போன பின்னும் கேமராவை நிறுத்தாமல் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டத்தின் மூச்சு அங்கேதான் நிற்கும்.

சத்தத்துக்கு ஓர் ஆள் வைத்திருந்தார். அவருக்குக் ‘காது’ என்று பெயர். வெளியில் யாராவது செருப்பைக் கழற்றினால் எந்தக் கால் செருப்பு முதலில் என்று உள்ளே இருந்தபடியே சொல்லிவிடுவார் காது. இந்தத் திறமையால் அவருக்கு நண்பர்கள் குறைவு. நிறத்துக்கு ஒரு பெண் இருந்தாள். எடுத்த படத்தைக் கணினியில் போட்டு நிறம் கூட்டிக் குறைப்பது அவள் வேலை. எந்த நிழலைப் பார்த்தாலும் அதில் ஒரு சொட்டுப் பச்சை விடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதனால் அவள் ‘பச்சை’.

இந்த மூன்று பேரும் சேர்ந்து செய்ததிலேயே ஆகச் சிறந்த வேலைதான், ஆரம்பத்தின் அக்காவை அவள் வீட்டை விட்டுக் கிளப்பியது.

அக்காவுக்கு இருந்தது ஒரு தம்பிதான். தம்பிக்கும் அக்காவை விட்டால் யாரும் இல்லை. அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முந்தின வருஷம்தான் தவறிப்போயிருந்தார். வாசல் கதவிலிருந்து அடுக்களை வரை நீளமாக ஒரு நடை, அதன் ஒரு பக்கம் வரிசையாக ஜன்னல்கள், வாசல் கதவை ஒட்டி, நடை தொடங்குகிற இடத்தில் ஒரு சாமான் அறை – இதுதான் வீடு. ஜன்னல்களை வாத்தியாரே கையால் செய்திருந்தார். ஊருக்கெல்லாம் சதுரமும் செவ்வகமும் சொல்லிக் கொடுத்த மனுஷன் செய்த ஜன்னல்களில் ஒன்றுகூடச் சதுரமும் இல்லை, செவ்வகமும் இல்லை. முதலாவதைத் தூக்கிச் சாத்த வேண்டும். இரண்டாவதை அழுத்திச் சாத்த வேண்டும். மூன்றாவது, தன் இஷ்டத்துக்குத்தான் சாத்திக்கொள்ளும். நடைச் சுவரில் ஓர் ஆணி. அதில் வாத்தியாரின் நீலக் கட்டம் போட்ட சட்டை. கடைசியாக அவர் கழற்றி மாட்டியது. அக்கா அதைத் துவைக்கவில்லை.

நீள நடை உள்ள வீடு வேண்டும் என்று ஓர் இயக்குநர் தேடியபோது, ஆரம்பத்துக்கு உடனே அக்கா வீடுதான் ஞாபகம் வந்தது. அக்காவும் தட்டவில்லை.

“எடுத்துக்கோடா. ஆனா பேயைக் கூட்டிட்டு வந்தா திரும்பக் கூட்டிட்டுப் போயிடணும். ரெண்டு பேருக்குச் சமைக்க என்னால ஆகாது.”

“பேயே வராதுக்கா. ஒரு பொண்ணு ஜன்னலெல்லாம் சாத்திட்டுப் போவா. அவ்வளவுதான்.”

“இதுக்கா இத்தனை பேரு, ஒரு வேன்? என்கிட்ட சொன்னா நானே சாத்துவேனே!”

அன்று அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். படப்பிடிப்பு நாளில் அக்கா எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நடிக்க வந்த பெண் நல்ல நடிகை, அதுதான் வினை. ஒவ்வொரு ஜன்னலையும் அவள் சாத்திய விதத்தைப் பார்த்தால், பேய் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறது என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்த மாதிரி இருந்தது. மறுபடி, மறுபடி என்று எடுத்து, இயக்குநருக்குத் தலைவலி வந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

ஆரம்பம் மட்டும் போகவில்லை. சாமான் அறைக்குள் குட்டை முக்காலியில் கேமரா நின்றது. கதவு பாதி திறந்திருந்தது. ஆட்கள் போன பிறகு நடையில் விழுந்த வெளிச்சம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பழைய தகர டின் மேல் உட்கார்ந்தார். காது நடையில் மாட்டி, கேமராவோடு இணைத்து வைத்த மைக் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

காற்று கிளம்பியது. ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. வேன் போனதைப் பார்த்து எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்த அக்கா, தெருவைத் தாண்டி வேகமாக வந்து, முதல் ஜன்னலைத் தூக்கிச் சாத்தினாள்.

ஆரம்பம் கூப்பிட்டிருக்கலாம். ‘அக்கா’ என்று ஒரு வார்த்தை, மூச்சுவிடுகிற நேரம்கூட ஆகாது. வாயைத் திறந்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்குள் அவருடைய கட்டைவிரல், அவரைக் கேட்காமலே, கேமராவின் பொத்தானை அழுத்திவிட்டது. பல வருஷம் ஒரே வேலையைச் செய்த விரல். யஜமானைவிட அதற்கு அனுபவம் அதிகம்.

அக்கா முதுகைக் காட்டியபடி ஜன்னல் ஜன்னலாக நகர்ந்தாள். கன்னம் அசைந்தது, ஏதோ பேசிக்கொண்டே போகிறாள் என்று தெரிந்தது. காற்றின் இரைச்சலில் என்ன என்று கேட்கவில்லை. மூன்றாவது ஜன்னல் பிடிவாதம் பிடிக்க, அதை உள்ளங்கையால் தட்டினாள், தலையை ஆட்டினாள், கொஞ்சம் சிரித்த மாதிரி தோள் குலுங்கியது. ஜன்னல் சாத்திக்கொண்டது. பிறகு சட்டை மாட்டியிருந்த ஆணிக்கு முன்னால் நின்றாள். நெற்றியை அந்தச் சட்டையின் மேல் வைத்து, ஏதோ சொன்னாள். சட்டையின் கை காற்றில் லேசாக எழும்பி அடங்கியது. அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். ஆரம்பம் கேமராவை நிறுத்தாமல், அவள் நின்ற காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பூனை மாதிரி வெளியேறி, வாசலில் நின்று, அப்போதுதான் வருகிறவர் போல, “அக்கா, காபி இருக்கா?” என்றார்.

சொல்லக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். முதுகுதானே தெரிகிறது, முகமா தெரிகிறது? தியேட்டரில் பார்த்து அவளே ஆச்சரியப்படட்டும். இப்படி நினைத்து நினைத்து, சொல்லவேண்டிய நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போனார்.

அந்தக் காட்சியைப் பார்த்த இயக்குநர், இனி எடுக்கவே வேண்டாம், இதுவே போதும் என்றுவிட்டார். ஒலி சேர்க்கும் அறையில் காது தலையில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினார்.

“அண்ணே, இதை ஒரு தடவை கேட்டுடுங்க.”

“பேச்சு வேண்டாம்யா. பேச்சை எடுத்துடு.”

“எடுக்கத்தான் போறேன். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை...”

“யோவ், உன்னை வச்சுக்கிட்டு பெரிய ரோதனை. வாய் அசையணும், சத்தம் வரக்கூடாது. எதுக்குக் கேட்டு நேரத்தை வீணாக்கணும்?”

காது தோளைக் குலுக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார். அக்காவின் குரலை வழித்து எடுத்தார். குளிர்பெட்டி உறுமும் சத்தத்தைப் பிடித்து, காதுக்குக் கேட்காமல் வயிற்றுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இறக்கி அடியில் ஓடவிட்டார். ஒவ்வொரு ஜன்னல் மூடும்போதும் ஒரு சத்தத்தைக் களவாடினார்: முதலில் தெரு போயிற்று, அடுத்து பறவைகள் போயின, மூன்றாவதில் அக்காவின் காலடிச் சத்தமே போய்விட்டது. நடக்கிறாள், சத்தம் இல்லை. சட்டையில் நெற்றியை வைக்கும் இடத்தில் அந்த உறுமலையும் நிறுத்தினார். அத்தனை நேரம் அது ஓடியது என்பதே நின்ற பிறகுதான் தெரியும்.

பச்சை தன் பங்குக்குச் சுவரில் இருந்த மஞ்சளையெல்லாம் உறிஞ்சினாள். பிற்பகல் வெயில், மருந்துச் சீசா கழுவிய தண்ணீர் மாதிரி ஆயிற்று. நிழல்களில் வழக்கமான சொட்டுகளை விட்டாள். சட்டையின் நீலத்தை மட்டும் தொடவில்லை. செத்த நிறங்களுக்கு நடுவே அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

மூன்று பேரும் போட்டுப் பார்த்தார்கள். புருஷனோடு பேசிக்கொண்டே ஜன்னல் சாத்திய பொம்பளை போய், கண்ணுக்குத் தெரியாத எதற்கோ வாயசைத்துக்கொண்டு, சட்டை போட்ட எதன் முன்னாலோ தலை குனிகிற ஒருத்தி வந்துவிட்டாள். கதவு விளிம்புக்குப் பின்னால் இருந்து எதுவோ அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

“சார், எனக்கே பயமா இருக்கு” என்றாள் பச்சை.

ஆரம்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படம் ஓடிய ஓட்டத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள். ஒரு தியேட்டரில் முதல் வாரமே முன்வரிசைக்காரர்கள் பின்வரிசைக்கு வந்துவிட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காற்று வந்தாலும் யாரும் ஜன்னலைச் சாத்தாததால், ஊர் முழுக்க ஆரோக்கியம் கூடி, இரண்டு டாக்டர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள்.

மதியக் காட்சிக்கு அக்காவை அவரே அழைத்துப் போனார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, வீடு படத்தில் வருகிறது என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். விளக்கணைந்தது. நடை வந்தது.

“நம்ம வீடுடா!” என்று அவர் கையைப் பிடித்தாள். “ஐயோ, சுவரெல்லாம் என்ன இப்படிக் கிடக்கு? வெள்ளை அடிச்சிருக்கலாம்.”

ஒரு பெண்ணின் முதுகு வந்தது. முதல் ஜன்னல் மூடியது. இரண்டாவது மூடியது. தியேட்டர் மூச்சை அடக்கியது. அக்காவின் பிடி இறுகியது. தன் முதுகை இதுவரை பார்த்திராதவள். அவள் எல்லோரையும் போலத்தான் பயந்தாள்.

“யாருடா அது, நம்ம வீட்டுல?” என்று ரகசியமாகக் கேட்டாள்.

ஆரம்பம் திரையையே பார்த்தார். சொல்லவேண்டிய நேரம் வேறு எத்தனையோ இருந்தது, இது இல்லை.

அந்தப் பெண் சட்டைக்கு முன்னால் நின்று தலை குனிந்தாள். உறுமல் நின்றது. சட்டையின் கை எழும்பியது. தியேட்டர் வீறிட்டது. அக்கா வீறிடவில்லை.

“அது அவர் சட்டைடா” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அது நானா?” என்றாள்.

கையை எடுத்துக்கொண்டாள். மிச்சப் படம் முழுக்க அந்தக் கை அவள் மடியிலேயே கிடந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அங்க இருக்க முடியலடா. அந்த நடைல நின்னா முதுகு சில்லுங்குது. யாரோ பாக்கற மாதிரியே இருக்கு.”

“யாரும் இல்லக்கா. நான்தான் இருந்தேன்.”

“அது தெரியும். தெரிஞ்சும் சில்லுங்குதே, என்ன பண்ணச் சொல்ற?”

ஆரம்பத்தின் சின்ன வீட்டில் கூடத்தில் படுத்தாள். சமைத்தாள், தொட்டிகளில் செடி வைத்தாள். அவை துளிர்க்கவும் செய்தன. ஆனால் ஜன்னல் பக்கம் போகமாட்டாள். காற்று வந்தால், “தம்பி, அதைச் சாத்து” என்பாள். சாத்தும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். வேலை செய்யும்போது வாய் மூடியே இருந்தது. அவர் சின்ன வயதில் கேட்ட அக்காவுக்குத் தனியாக இருக்கும்போதுதான் பேச்சு அதிகம். தேங்கிய தண்ணீரைக்கூடத் திட்டிக்கொண்டுதான் பெருக்குவாள்.

பயம் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிட்டால் போய்விடும் என்று அவர் நம்பினார். தொழிலாளிக்குத் தொழில்மேல் உள்ள நம்பிக்கை. ஒரு நாள் குளிர்பெட்டியைக் காட்டினார்.

“இதோ பாருக்கா, இதான் அந்தச் சத்தம். வேற ஒண்ணுமில்ல.”

அன்றிலிருந்து அக்கா குளிர்பெட்டி இருக்கும் பக்கமும் போகவில்லை. பால் திரிந்தது.

இன்னொரு நாள் குட்டை முக்காலியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்.

“கேமரா இந்த உயரத்துல இருந்துச்சு. அதனாலதான் எதுவோ பாக்கற மாதிரி தோணுது. நான் நின்னு பாத்திருந்தா ஒண்ணுமே தோணாது.”

அக்கா முக்காலியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் உக்காந்திருந்த?”

“கொஞ்ச நேரம்தான்க்கா.”

“நான் உள்ள போன அப்புறமும் அந்த இடம் தெரிஞ்சுதே படத்துல. அப்பவும் உக்காந்திருந்தியா?”

“...ஆமா.”

“அங்கதான் எதுவுமே இல்லையே. என்னத்தடா பாத்த?”

அதற்கு அவரிடம் தொழில்முறையான பதில் ஒன்று இருந்தது. பேட்டிகளில் பலமுறை சொன்னதுதான். அன்று அவர் முக்காலியை மடக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

யோசித்து யோசித்து அவருக்கு ஒரு வழி தோன்றியது. சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட்டால்? உறுமல் இல்லாமல், பச்சை இல்லாமல், மஞ்சளையும் தெருவையும் பறவைகளையும் திருப்பி வைத்து, எடுத்தது எடுத்தபடி அவளுக்குக் காட்டிவிட்டால்? வேறு எந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். ஆரம்பத்துக்கோ, பயம் என்பது மேலே பூசிய பூச்சு. சுரண்டினால் கீழே பழைய சுவர் இருக்கும்.

காதும் பச்சையும் மறுபேச்சில்லாமல் செய்து கொடுத்தார்கள். காது மட்டும், “அண்ணே, இப்பவாவது முதல்ல நீங்க தனியாக் கேட்டுடுங்க” என்றார். ஆரம்பத்துக்கு அவசரம். அக்கா வெளியே காத்திருந்தாள்.

நிற அறையில் அக்காவை நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பச்சை தண்ணீர் கொடுத்தாள். திரையில் நடை வந்தது. சுவரில் வெயில் மஞ்சளாக, சோம்பலாக விழுந்திருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். பறவைகள் கத்தின. அக்கா திரையில் வந்து முதல் ஜன்னலைத் தூக்கினாள். இந்தத் தடவை குரல் வந்தது.

“உன்னைச் செஞ்சவர் மாதிரியே இருக்க, தூக்கி விட்டாத்தான் வேலை நடக்கும். ம், போ.”

பச்சைக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பம் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதோ, பயம் போய்விட்டது! பேய் எங்கே? வீட்டில் ஒரு பொம்பளை ஜன்னலைத் திட்டுகிறாள், அவ்வளவுதானே! அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

மூன்றாவது ஜன்னல் வந்தது.

“என்ன, இன்னிக்கும் பிடிவாதமா? சரி, சரி. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு. போதுமா? இப்பச் சாத்திக்கோங்க.”

ஜன்னல் சாத்திக்கொண்டது. சிரிப்பு கேட்டது, சின்னப்பெண் சிரிப்பு மாதிரி. பிறகு சட்டை. மைக் அந்த ஆணிக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. காற்றில் அவருக்கு அன்று கேட்காதது, அறை முழுக்கத் துல்லியமாக வந்தது.

“இன்னிக்கு வீடு பூரா ஆளுங்க, தெரியுமா? உருப்பட மாட்டான், உருப்பட மாட்டான்னு சொல்வீங்களே என் தம்பியை. வந்து பாருங்க. அவன் சொன்னா அத்தனை பேரும் அசையறாங்க, அவன் சொன்னா நிக்கறாங்க. எனக்கு அங்க இருந்து பாக்கப் பாக்க...” குரல் கொஞ்சம் உடைந்தது. “உங்ககிட்ட சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். வேற யார்கிட்ட சொல்றது?”

திரையில் அவள் உள்ளே போனாள். காலி இடம் தெரிந்துகொண்டே இருந்தது. நிறுத்துவதற்கு யாருக்கும் கை வரவில்லை.

அக்கா முதலில் காதைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பச்சையைப் பார்த்தாள், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாகத் தம்பியைப் பார்த்தாள்.

“படத்துல நான் பேயா இருந்தப்ப, என்ன சொன்னேன்னு யாருக்கும் தெரியாது” என்றாள். “பயம்தான். இருந்துட்டுப் போகட்டும், அது பேயோட போச்சு. இப்ப உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சு. இவருக்கு முன்னாடியே தெரியும் போல.”

“அக்கா, நான் கேக்கவே இல்லக்கா. சத்தியமா இன்னிக்குத்தான்...”

“அது இன்னும் மோசம்டா” என்றாள், கோபமே இல்லாமல். “கேக்காமலே தூக்கிப் போட்டிருக்க.”

அவர் வாயைத் திறந்து மூடினார். பார்க்கிறவர்களுக்கு வாய் அசைந்தது தெரிந்திருக்கும், சத்தம் வரவில்லை.

மறுநாளே அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினாள். பயம் போய்விட்டதா என்று கேட்டார்.

“பயமா இருந்தா வேற வீட்டுல போய் இருக்கலாம். வெக்கத்துக்கு எந்த வீட்டுல இருந்தா என்ன?”

அந்தக் காட்சி இரண்டையும், சேர்த்ததையும் சேர்க்காததையும், ஆரம்பம் தன்னிடமிருந்து அழித்துவிட்டார். ஊரில் ஓடுவதை என்ன செய்ய முடியும்? அடுத்து வந்த பேய்ப்படத்துக்கு அவர் கேமராவைக் கண் உயரத்தில் வைத்தார், விளிம்பு எதையும் காட்டவில்லை, ஆள் போனதும் மரியாதையாகத் தானும் கேமராவைத் திருப்பிக்கொண்டார். ஜனங்கள் தூங்கிவிட்டார்கள். தூக்கம் வராத வியாதிக்காரர்கள் தூரத்திலிருந்தெல்லாம் அந்தப் படத்துக்கு வந்து, தொடக்கம் முடிந்ததும் எழுப்பப்பட்டு வீட்டுக்குப் போனார்கள். தயாரிப்பாளர் அவரைக் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு ஆரம்பமும் முடிந்தது.

அக்காவைப் பார்க்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆளே வருவது தெரியாமல் நடந்து பழகிய மனுஷன், இப்போது தெருமுனையிலேயே இருமத் தொடங்குவார். செருப்பைத் தேய்ப்பார். கேட்டை ஆட்டுவார். எதிர்வீட்டுக்காரி அவருக்குக் காசநோய் என்றே முடிவுகட்டி, கைக்குட்டை கொடுத்தனுப்பினாள். அக்கா கதவைத் திறந்து, வா என்பாள், காபி கொடுப்பாள், உடம்பைப் பற்றி விசாரிப்பாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நடை ஆணியில் இப்போது ஒரு குடை தொங்கியது. கொடியில் ஒரு நாள் நீலக் கட்டம் போட்ட சட்டை, துவைத்து, உதறி, கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு பிற்பகல் அவர் போனபோது காற்று கிளம்பியது. கேட் அருகே செருப்பின் வார் அறுந்துவிட, குனிந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தியபோது, திறந்திருந்த வாசல் கதவு வழியாக நடை நேராகத் தெரிந்தது. அக்கா முதுகைக் காட்டி நின்றாள். முதல் ஜன்னலுக்குக் கையை நீட்டினாள்.

பேசுகிறாளா? கன்னம் அசைகிறதா? இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதுக்குப் போகட்டும். அது பிடிவாதம் பிடிக்கும். அப்போது ஒரு வார்த்தையாவது, ‘போதுமா’ என்று ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும். காதைத் தீட்டிக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தார். அவர் இடுப்பு உயரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணின் ஓரத்தில் கேட்டின் விளிம்பு கொஞ்சம் தெரிந்தது.

எழுந்து கேட்டைப் பிடித்து உலுக்கினார். அதன் துருப்பிடித்த கீல்கள் வீறிட்டன. நுரையீரல் வெளியே வந்து விழும்படி இருமினார்.

அக்கா திரும்பினாள்.

“யாரு?”

“நான்தான்க்கா! வந்துட்டேன்! நான்தான்!”

“அதான் தெரு பூரா கேக்குதே. உள்ள வா, காத்துல நிக்காத.”

ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நடையில் அவளுக்குப் பக்கத்தில், அவள் பார்க்கும்படி, வெளிச்சத்தில் நின்றார். இரண்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மூன்றாவது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“நீ சாத்துக்கா. நான் வேணா வெளிய நிக்கறேன். இது உடனே சாத்தாதே. தட்டணும், கொள்ளணும்...” என்று உளறினார். “நான் தூரத்துல போய் நிக்கறேன். நிஜமா.”

“எதுக்கு?” என்றாள் அக்கா. “தச்சரைக் கூப்பிட்டு எல்லாத்தையும் இழைச்சாச்சு. நாலு மூலையும் இப்ப சரியா இருக்கு. பாரு.”

மூன்றாவது ஜன்னலை ஒரு விரலால் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு போய், சட்டத்தில் பொருந்தி, ஒரு சத்தமும் இல்லாமல் மூடிக்கொண்டது.

“பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன்” என்றார் ஆரம்பம்.

அக்கா காபி போட உள்ளே போனாள். அவர் அங்கேயே நின்றார். அவள் நின்ற இடத்தைப் பார்க்காமல் இருக்க, கையில் இருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.